மவுண்ட் டெனிஸில் ஏர்போட் ரயில் நிற்கிறது, வாடகைக்கு இருக்கும் நாங்கள் என்ன செய்வது?

எக்ளின்ரன்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, தெரிந்த அண்ணாமார் அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள்.

நாங்கள் 2012 இலிருந்து ரொறன்ரோவின் மேற்குப் பக்கம் மவுண்ட் டெனிஸில், வெஸ்ரன் ரோட்டில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தில் இருக்கிறோம். இரண்டு அறை வீடு, வாடகை 1,380 டொலர். இவ்வளவு காலமும் இந்தப் பக்கம் வரச் சொன்னால் சொந்தக்காரரே யோசிப்பார்கள். 2025 நவம்பரில் டவுன்ரவுன் யூனியன் ஸ்ரேசனுக்கும் ஏர்போட்டுக்கும் இடையே ஓடும் யூபி எக்ஸ்பிரஸ் ரயில் இங்கேயும் நிற்கத் தொடங்கியது, 2026 பெப்ரவரியில் எக்ளின்ரன் லைன் 5 ரயிலும் திறந்தது, அதற்குப் பிறகு எல்லாரும் "நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்" என்கிறார்கள். எங்களுக்கு மேல் மாடியில் இதே அளவு வீடு 2,500க்குப் போயிருக்கிறது.

கட்டடம் கைமாறிவிட்டது. புது ஓனரின் ஆள் ஒருவர் இரண்டு தரம் வந்து, எல்லா வீட்டையும் உடைத்துத் திருத்தப் போகிறோம், நீங்களாக வெளிக்கிட்டால் 10,000 டொலர் தருகிறோம், இந்த மாத முடிவுக்குள் ஒரு பேப்பரில் கையெழுத்து வையுங்கள் என்று கேட்கிறார். மரியாதையாகத்தான் கதைக்கிறார். பிரம்டனில் இருக்கும் என் அண்ணா காசை வாங்கிக்கொண்டு அங்கே வரச் சொல்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேதான் பள்ளிக்கூடம். கணவர் ஏர்போட் பக்கத்தில் விமானச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் வேலை, விடிய நாலு மணி ஷிப்ட். நான் டவுன்ரவுனில் ஒபிஸ் துப்புரவு வேலை, பின்னேரம் போய் இரவு வருவேன்.

பக்கத்து ஊர் வெஸ்ரனில் இந்த ஏர்போட் ரயில் 2015 இலிருந்து நிற்கிறதே, அங்கே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது? ரயிலால் எங்களைப் போன்ற ஆட்களுக்கு உண்மையில் பயன் இருக்கிறதா, அல்லது இதை வைத்து எங்களைக் கிளப்பிவிடுவார்களா?


ஹம்பர்கரை எழுதியது:

தங்கச்சி, முதல் விஷயம், எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம், ஆனால் அந்தப் பேப்பர் பெரும்பாலும் என்11 ஆக இருக்கும். அது நீங்களாக விரும்பி வாடகை ஒப்பந்தத்தை முடிக்கிறீர்கள் என்ற பத்திரம். அதில் கையெழுத்து விழுந்தால் திரும்பி வரும் உரிமை, நட்டஈடு எல்லாம் போய்விடும்.

10,000 பெரிய காசு மாதிரித்தான் தெரியும். கணக்குப் பாருங்கள். உங்கள் வாடகை 1,380, வெளியே 2,500. மாதம் 1,120 டொலர் வித்தியாசம். ஒன்பது மாதத்தில் அந்தக் காசு கரைந்துவிடும், பத்தாவது மாதத்திலிருந்து உங்கள் கையிலிருந்து போகும். அந்தப் பக்கம் ஓனர் 2,500க்கு ஒரு புது ஆளை வைத்தால் அதே ஒன்பது மாதத்தில் கொடுத்த காசை எடுத்துவிடுவார்கள், பிறகு வருவதெல்லாம் லாபம். ஒன்ராறியோவில் 1998 இலிருந்து சட்டம் இப்படித்தான்: ஆள் இருக்கும்வரை வாடகைக்குக் கட்டுப்பாடு, ஆள் வெளிக்கிட்டால் அடுத்தவரிடம் எவ்வளவும் கேட்கலாம். 2026க்கு அரசாங்கம் அனுமதித்த உயர்வு 2.1 வீதம், உங்கள் வீட்டுக்கு அது கிட்டத்தட்ட 29 டொலர். அதனால் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் நீண்ட காலம் இருக்கும் வாடகைக்காரர் ஒவ்வொருவரும் ஓனருக்கு நட்டக் கணக்கு. ரயில் வந்ததும் முதலில் மாறுவது அந்தக் கணக்குத்தான், கடையோ றோட்டோ இல்லை.

வெஸ்ரன் கதை. நான் லோரன்ஸ் வீதிக்கும் வெஸ்ரன் ரோட்டுக்கும் பக்கத்தில், ஆற்றுப் பக்கம் இருக்கும் உயரமான கட்டடம் ஒன்றில் 2003 இலிருந்து இருக்கிறேன். இந்த ஏர்போட் ரயில் முதலில் ஒரு தனியார் கொம்பனித் திட்டமாக வந்தது, புளூ 22 என்று பெயர். அதில் வெஸ்ரனில் நிறுத்தமே கிடையாது. எங்கள் ஊர் நடுவால் ரயில் போகும், குறுக்கே போகும் தெருக்களை மூடுவார்கள், சத்தமும் டீசல் புகையும் எங்களுக்கு, பயணம் மட்டும் வேறு ஆட்களுக்கு. ஊர்ச் சனம் வருடக்கணக்காகக் கூட்டம் வைத்துச் சண்டை பிடித்த பிறகுதான் நிறுத்தம் கிடைத்தது, தண்டவாளத்தைப் பள்ளத்தில் இறக்கி ஒரு பகுதியை மூடியும் விட்டார்கள். ஜோன் வீதியில் வாகனம் போக முடியாது, நடைபாலம் மட்டும் இருக்கிறது. மின்சார ரயில் கேட்டவர்கள் கோர்ட்டுக்கும் போய்த் தோற்றார்கள், அது இன்றைக்கும் டீசலில்தான் ஓடுகிறது.

2015 ஜூன் 6 ரயில் ஓடத் தொடங்கியது. யூனியனிலிருந்து ஏர்போட்டுக்கு 27.50 டொலர், பிரெஸ்ரோ பயணக் கார்ட் இருந்தால் 19. அப்போது ரி.ரி.சி என்ற நகரப் பஸ்ஸுக்கு 3 டொலர். மணித்தியாலத்துக்கு 11 டொலர் சம்பளம் வாங்கும் ஒருவர் இதில் எப்படி ஏறுவது? எங்கள் சனம் பாலத்தில் நின்று வெறும் பெட்டிகள் போவதைப் பார்த்தது. நகரம் முழுவதும் கத்திய பிறகு, 2016 மார்ச்சில் 12 டொலருக்கும் கார்ட்டில் 9க்கும் இறக்கினார்கள், வெஸ்ரனிலிருந்து யூனியன் போக, சாதாரண புறநகர் ரயிலான கோ ரயில் அளவுக் கட்டணம் வந்தது. அன்றைக்குத்தான் அது எங்களுக்கும் ஒரு ரயில் ஆனது. ஒரு நிறுத்தம் ஏழைச் சனத்துக்கு உதவுமா என்பதை அங்கே கட்டிய கட்டடம் சொல்லாது, ரிக்கற் விலைதான் சொல்லும் என்று நான் அதிலிருந்து நம்புகிறேன்.


இரவுப்பணி எழுதியது:

நான் பியர்சன் ஏர்போட்டில் 15 வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன், கார்கோ பக்கம். அதனால் அக்காவின் கணவர் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

இந்த ரயில் ரேர்மினல் 1 இல் போய் நிற்கும். அங்கிருந்து ரேர்மினல் 3க்கும் வைகவுண்ட் வாகனத் தரிப்பிடத்துக்கும் இலவச இணைப்பு ரயில் இருக்கிறது. அவ்வளவுதான். ஏர்போட் வேலை என்று நாங்கள் சொல்வதில் பெரிய பகுதி ரேர்மினலுக்கு உள்ளே இல்லை. சாப்பாடு பொதி செய்யும் இடங்கள், கார்கோ, வெயர்ஹவுஸ், வாடகைக் கார், ஹோட்டல் எல்லாம் எயர்போர்ட் ரோட், டிக்சி ரோட், டெரி ரோட் என்று மிசிசாகா பக்கம் பரந்து கிடக்கிறது. கனடாவில் டவுன்ரவுன் ரொறன்ரோவுக்கு அடுத்ததாக அதிகம் பேர் வேலை செய்யும் வட்டாரம் இதுதான். ஆனால் ரயிலால் இறங்கி ஒரு கால் மணி நேரத்தில் வேலைத்தலத்துக்குப் போகக் கூடியவர்கள் அதில் கொஞ்சப் பேர். மற்றவர்கள் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், குளிரில் அரை மணி நிற்க வேண்டும்.

விடிய நாலு மணி ஷிப்டுக்கு ரயில் வேலைக்காகாது, அந்த நேரத்தில் அது ஓடத் தொடங்கியே இருக்காது. லோரன்ஸில் 352 இரவு பஸ் பியர்சன் வரைக்கும் போகும், நாங்கள் பல பேர் அதில்தான் போய்க்கொண்டிருந்தோம். பகலில் 52. ரி.ரி.சி கட்டணம் 3.30தான். உங்கள் கணவர் இப்போது யாருடனாவது காரில் சேர்ந்து போகிறார் என்று நினைக்கிறேன், அப்படியென்றால் அதைக் கைவிட வேண்டாம். ரேர்மினலுக்கு உள்ளே பகல் ஷிப்ட் கிடைத்தால் கதை வேறு, அப்போது ரயில் உண்மையிலேயே நல்லது. ஏர்போட் வேலையாட்களுக்கு யூபியில் தனிக் கட்டணம் இருக்கிறது, வேலைத்தலத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். சப்-கொன்ராக்ட் ஆட்கள் என்றால் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அக்கா, உங்களுக்கு இது பெரிய உதவி. இரவு டவுன்ரவுனில் வேலை முடித்து யூனியனில் ஏறினால் மவுண்ட் டெனிஸில் இறங்கி வீட்டுக்கு நடந்து வரலாம். முந்தி அந்த நேரத்தில் சப்வே, பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். பிள்ளைகள் தூங்க முதல் வீட்டுக்கு வருவது சின்ன விஷயம் இல்லை. பிரம்டன் போனால் இது போய்விடும். அண்ணாவிடம் அதையும் சொல்லுங்கள்.


லோரன்ஸ்வாசி எழுதியது:

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். 2016 இல் வெஸ்ரனில் ஒரு சின்னப் பழைய வீடு வாங்கினோம், அப்போது ஸ்காபரோவில் இருந்த எல்லாரும் ஏன் அங்கே போகிறாய் என்று கேட்டார்கள். எனக்கு இந்த ரயில் வாழ்க்கையையே மாற்றியது. கால் மணித்தியாலத்தில் யூனியன். மகள் பல்கலைக்கழகம் போனது இதில்தான். ஊரில் இருந்து அம்மா வந்தபோது ஏர்போட்டில் இருந்து கூட்டிக்கொண்டு வந்ததும் இதில்தான்.

ரயில் வராமல் இருந்தால் ஏழைகளுக்கு நல்லது என்ற மாதிரிக் கதைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மவுண்ட் டெனிஸில் கோடாக் தொழிற்சாலை 2005 இல் மூடிய பிறகு அந்தப் பக்கம் வெஸ்ரன் ரோட்டில் எத்தனை கடை பூட்டிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வங்கி இல்லை, நல்ல மரக்கறிக் கடை இல்லை. இருபது வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அதே கோடாக் காணியில் ரயில் பணிமனை, 9ஆம் இலக்கக் கட்டடத்தை அப்படியே தூக்கி நகர்த்தி வைத்து, அடித்தளம் கட்டி, திரும்பக் கொண்டுவந்து ஸ்ரேசனோடு சேர்த்திருக்கிறார்கள். நல்ல போக்குவரத்து பணக்காரருக்கு மட்டும் உரியது இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்.


ஹம்பர்கரை எழுதியது:

லோரன்ஸ்வாசி, ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. நிறுத்தம் கேட்டுக் கூட்டம் போட்டவர்களில் நானும் ஒருவன். நீங்கள் வீடு வாங்கியதால் விலை ஏற ஏற அது உங்களிடம் சேர்கிறது, நல்லது, உழைத்து வாங்கியது. வாடகைக்கு இருப்பவருக்கு அதே விலையேற்றம் கதவைத் தட்டும் ஒரு ஆளாக வருகிறது. மவுண்ட் டெனிஸ், வெஸ்ரன் இரண்டுமே நகரசபை தனிக் கவனம் வேண்டும் என்று பட்டியலில் போட்ட வட்டாரங்கள். அங்கே பாதிக்கு மேல் ஆட்கள் வாடகையில்தான் இருக்கிறார்கள்.

வெஸ்ரனில் எங்கள் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரேசனுக்குப் பக்கத்தில், ஜோன் வீதியில் 30 மாடியில் புது வாடகைக் கட்டடம் வந்தது, கீழே கலைஞர்களுக்கு மலிவு வீடுகள், சந்தைக்கு முற்றம் எல்லாம். வரவேற்றோம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல் தடவை ஆள் குடிபோன வீடுகளுக்கு ஒன்ராறியோவில் அந்த வருடாந்த உயர்வுக் கட்டுப்பாடு இல்லை. குடிவந்த ஆளிடமே அடுத்த வருடம் எவ்வளவும் கூட்டிக் கேட்கலாம், புதுக் கட்டடத்துக்குப் போகிறவர்கள் இதை முதலே தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் 33 கிங் வீதியில் இருக்கும் பழைய கட்டடத்தில் வேறு வழி. அங்கே அனுமதித்த வீதத்துக்கு மேலே திரும்பத் திரும்ப விண்ணப்பித்துக் கூட்டினார்கள், 2023 ஜூனில் குடியிருப்பாளர்கள் சேர்ந்து வாடகை கட்டுவதை நிறுத்தினார்கள். சோமாலிய, கரீபியன், தமிழ், லத்தீன் ஆட்கள் என்று எல்லா வீட்டுக் கதவும் தட்டித்தான் வெஸ்ரன் பக்கத்துக் குடியிருப்பாளர் சங்கம் வளர்ந்தது. வாடகையை நிறுத்துவது ஆபத்தான வழி, தனியாளாக ஒருபோதும் செய்யக் கூடாது, வெளியேற்ற அதுவே காரணமாகும். ஆனால் சங்கம் சேர்வதால் யாரையும் வெளியேற்ற முடியாது, அது சட்டத்தில் இருக்கும் உரிமை.

மலிவு வீடு கட்டுவோம் என்ற பேச்சையும் நம்பியிருந்து ஏமாற வேண்டாம். 2021 இல் நகரசபை, பெரிய ஸ்ரேசன்களுக்குப் பக்கத்தில் வரும் புதுக் கட்டடங்களில் 5 முதல் 10 வீதம் மலிவு வீடாக இருக்க வேண்டும், 2030க்குள் அதை 22 வீதம் வரை கூட்டலாம், 99 வருடம் மலிவாகவே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. மாகாண அரசு அதை 5 வீதம், 25 வருடம் என்று வெட்டிவிட்டது. எக்ளின்ரனில் கிரேன் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள், பிறகு இந்த 5 வீதத்தை யோசித்துப் பாருங்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். நிலத்தின் விலையைக் கூட்டியது பொதுப்பணம், எங்கள் வரி. அந்தக் கூடிய விலையில் ஒரு பங்கை அதே இடத்துச் சனத்துக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு சட்டம் கையில் இருந்தது, அதை அரைகுறையாக்கிவிட்டார்கள்.


எக்ளின்ரன்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹம்பர்கரை அண்ணா சொன்ன ஒன்பது மாதக் கணக்கைக் கணவரிடம் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பத் திரும்பப் பார்த்தார். பேப்பரை எடுத்துப் பார்த்தோம், என்11தான். இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

எங்களுக்குப் பயம் என்னவென்றால், இப்போது வேண்டாம் என்று சொன்னால் பிறகு காசும் இல்லாமல் திருத்த வேலை என்று நோட்டீஸ் தந்து கலைத்துவிடுவார்களோ என்பது. கீழ் வீட்டு பிலிப்பினோ அம்மாவும் இதைத்தான் கேட்கிறா. அவவுக்கு 70 வயது.


வாடகைப்படிவம் எழுதியது:

நான் ஒரு சமூக நிலையத்தில் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை செய்கிறேன், வக்கீல் இல்லை. இதெல்லாம் பொதுவான விவரம், உங்கள் பேப்பரை சட்ட உதவி கிளினிக்கில் நேரில் காட்டுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அது இலவசம்.

திருத்த வேலைக்காக எழுப்புவதென்றால் என்13 நோட்டீஸ் தர வேண்டும், குறைந்தது 120 நாள் முன்பே. வேலை முடிந்ததும் அதே வீட்டுக்கு அதே வாடகையில் திரும்பி வர உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் நீங்கள் வெளிக்கிட முதலே "நான் திரும்பி வருவேன்" என்று எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த ஒரு கடிதத்தில்தான். ஐந்து வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால் நட்டஈடு மூன்று மாத வாடகை வரைக்கும். நோட்டீஸ் வந்த உடனே பெட்டி கட்டத் தேவையில்லை, வாடகைத் தீர்ப்பாயம் விசாரித்து உத்தரவு போட்டால்தான் வெளியேற்றலாம், அதையும் ஷெரிப் ஒருவர்தான் வந்து செய்ய முடியும், ஓனர் பூட்டை மாற்ற முடியாது.

அதோடு 2025 ஜூலை 31 இலிருந்து ரொறன்ரோவில் புது விதி நடைமுறையில் இருக்கிறது. ஆட்களை எழுப்பித் திருத்துவதென்றால் ஓனர் நகரசபையிடம் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும், கட்டட அனுமதிப் பத்திரமும் காட்ட வேண்டும். நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடித்து உங்கள் முகவரிக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியே எடுக்காமல் "உடைக்கப் போகிறோம்" என்று வாயால் மட்டும் சொல்வது அடிக்கடி நடப்பது. முழுக் கட்டடத்தையும் இடித்துப் புதிது கட்டுவதென்றால், ஆறு அல்லது அதற்கு மேல் வாடகை வீடு இருந்தால் நகரசபை அதே எண்ணிக்கை வாடகை வீடுகளைத் திரும்பக் கட்டச் சொல்லும், பழைய ஆட்களுக்குத் திரும்பி வரும் உரிமையும் இருக்கும். அந்தப் பிலிப்பினோ அம்மாவை விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். வயதானவர்கள்தான் முதலில் கையெழுத்து வைப்பார்கள்.


கோவை_மாணவன் எழுதியது:

அக்கா, நான் தமிழ்நாட்டில் இருந்து படிக்க வந்தவன், லைன் 5 பக்கத்தில் ஒரு வீட்டில் இன்னொரு பையனோடு ஒரே ரூமில் இருக்கிறேன். ஆளுக்கு 750. வீடு தேடும்போது "ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை" என்று விளம்பரத்தில் பார்த்துத்தான் வந்தோம். எங்களுக்கு முன்னால் அங்கே ஒரு குடும்பம் இருந்தது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், இப்போது எட்டுப் பேர் இருக்கிறோம். மொத்தம் 6,000 வருது ஓனருக்கு. குடும்பங்கள் எதோடு போட்டி போட வேண்டியிருக்கு என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் புரிந்தது. எங்களை மாதிரி ஆட்களுக்கும் வேற இடம் கிடைக்கல. சங்கக் கூட்டத்துக்கு ரூம் வாடகையில் இருப்பவர்கள் வரலாமா?


ஹம்பர்கரை எழுதியது:

வரலாம் தம்பி, கட்டாயம் வாரும். லீஸில் பெயர் இல்லாவிட்டாலும் வாரும்.

எக்ளின்ரன்காரி தங்கச்சி, அந்த ஆள் திரும்ப வந்தால் வாசலில் வைத்து எதுவும் பேச வேண்டாம், "எழுத்தில் தாருங்கள், கிளினிக்கில் காட்டிவிட்டுப் பதில் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். வந்த திகதி, சொன்னது எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள், அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். கட்டடத்தில் எத்தனை வீட்டுக்கு இதே பேப்பர் வந்திருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். ஐந்தாறு வீடு சேர்ந்தால் கூட்டத்தை உங்கள் கட்டடத்திலேயே வைக்கலாம், வெஸ்ரனில் இருந்து நாங்கள் நாலைந்து பேர் வருவோம்.


எக்ளின்ரன்காரி எழுதியது:

கேட்டுவிட்டேன் அண்ணா. எங்களோடு சேர்த்து பதினொரு வீடு. மூன்று பேர் ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், நாலு மணிக்கு வரமுடியுமா?